கபோயிராவிலிருந்துதான் பிரேக்கிங் வந்ததா?

கேள்வி இது: "பிரேக்டான்ஸின் தாய் கபோயிரா என்று பல இடங்களில் படிக்கிறேன். உண்மையா? இரண்டையும் பண்பாட்டு வெளிப்பாடாக எடுத்துக்கொண்டால் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன? ஒன்றைக் கற்றவர் மற்றதற்குப் போனால் எதில் இடறும்?"

கபோயிரா என்பது பிரேசிலில் ஆப்பிரிக்க அடிமைகளிடையே வளர்ந்த, இசையோடு ஆடும் சண்டைக் கலை. பிரேக்கிங் என்பது பிரேக்டான்ஸ்தான். முதல் பகுதிக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: அப்படி வந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அதற்காக இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது என்றும் தள்ளிவிட முடியாது. ஆப்பிரிக்க வேர் ஒன்று இருக்கிறது. அடக்குமுறைக்கு நடுவில் வளர்ந்த ஒற்றுமை இருக்கிறது. 1980களுக்குப் பிறகு நேரடியான கொடுக்கல் வாங்கலும் நடந்திருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டும்போதுதான் "தாய்" என்ற பேச்சு வருகிறது.

காலக்கணக்கிலிருந்து தொடங்கலாம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி நடந்தது. நடத்தியவர் சிண்டி கேம்பல். இசைத்தட்டு ஓட்டியவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது கூல் ஹெர்க், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். பாட்டின் நடுவே பாடகர் ஒதுங்கி டிரம்ஸும் பெர்கஷனும் மட்டும் வாசிக்கும் இடத்துக்கு பிரேக் என்று பெயர். நம் கச்சேரியில் வரும் தனி ஆவர்த்தனம் மாதிரி, ஆனால் சில நொடிகளில் முடிந்துவிடும். கூட்டம் அந்தச் சில நொடிகளுக்காகவே காத்திருப்பதைக் கவனித்த ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் மாற்றி மாற்றி ஓட்டி அதை நீட்டினார். நீட்டிய பிரேக்கில் இறங்கி ஆடியவர்கள்தான் பி-பாய், பி-கேர்ள்.

கபோயிரா ஆசான்களான ஜெலோன் வியேராவும் லொரெமில் மச்சாடோவும் நியூயார்க் வந்தது 1975இல். அதற்குள் பிரேக்கிங் தொடங்கிவிட்டது. ஆனால் இந்த ஒரு கணக்கை வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. ஆரம்பத்தில் பிரேக்கிங் பெரும்பாலும் நின்று ஆடும் ஆட்டமாகத்தான் இருந்தது. தரையில் சுழலும் வித்தைகள் பெரும்பாலும் 1970களின் பிற்பாதியிலும் அதற்குப் பிறகும், குறிப்பாகப் போர்ட்டோரிக்கோ வம்சாவளிப் பையன்கள் கையில் வளர்ந்தவை. எங்கேயோ யாரோ ஒரு பையன் கபோயிரா நிகழ்ச்சியைப் பார்த்திருக்கலாம் என்பதை மறுக்க வழியில்லை. ஆனால் அந்தத் தலைமுறையின் முக்கிய ஆட்டக்காரரான ராக் ஸ்டெடி குழுவின் கிரேஸி லெக்ஸ், அப்போது கபோயிரா என்றால் என்னவென்றே தங்களுக்குத் தெரியாது, தங்களுக்கு நேரடித் தூண்டுதல் அமெரிக்கப் பாடகரும் ஆட்டக்காரருமான ஜேம்ஸ் பிரௌன்தான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலப் பையன்கள் மன்ஹாட்டன் 42ஆம் தெருத் தியேட்டர்களில் குங்ஃபூ படங்களைப் பார்த்துத் தீர்த்தவர்கள். உதைகளும் தரைச் சுழற்சிகளும் அங்கிருந்து வந்தன என்று கொள்வது இன்னும் எளிது.

சாட்சிகளை விட எனக்கு வலுவாகப் படுவது உடம்பு சொல்லும் ஆதாரம். கபோயிராவின் பழைய வழியான அங்கோலா மரபில் தரையைத் தொடலாம் என்று அனுமதி பெற்றவை உள்ளங்கை, பாதம், தலை, இவ்வளவுதான். சண்டையில் முதுகு தரையில் பட்டால் ஆள் முடிந்தான் என்பது அதன் அடிப்படை. பழைய ஆசான்கள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு ஆடி, அழுக்குப் படாமல் வீடு திரும்புவதைக் கௌரவமாக வைத்திருந்தார்கள். பிரேக்கிங்கோ முதுகிலேயே உயிர்வாழ்கிறது. பேக்ஸ்பின் முழுக்க முதுகு. விண்ட்மில்லில் தோளும் மேல்முதுகும் மாறி மாறித் தரையில் உருள, கால்கள் விரிந்து காற்றில் சுழல்கின்றன. கபோயிராவிலிருந்து பிறந்த ஆட்டம் என்றால், அதன் முதல் விதியை மீறுவதே அதன் தலையாய வித்தையாக ஆனது எப்படி? கால்களை விரித்துக் கைகளில் சுழலும் ஃபிளேருக்கோ வேறு பிறப்பிடம். ஜிம்னாஸ்டிக்ஸின் பொம்மல் ஹார்ஸில் கர்ட் தாமஸ் புகழ்பெறச் செய்த அசைவு அது.

அப்படியானால் ஒரே மாதிரி இருக்கும் அசைவுகள்? இருக்கின்றன, நிறையவே. ஒரு கையில் நின்றபடி இடுப்பை ஒடித்து உதைப்பதை பிரேக்கிங்கில் எல்-கிக் என்பார்கள், கபோயிராவில் ஆவூ பட்டீடு. குந்தியபடி ஒரு காலைத் தரையோடு வட்டமாகச் சுழற்றுவது பிரேக்கிங்கில் காஃபி கிரைண்டர், கபோயிராவில் கோர்த்தா கபீங். அதே சுழற்சி சீனத் தற்காப்புக் கலையிலும் ரஷ்ய நாட்டுப்புற ஆட்டத்திலும் இருக்கிறது. கையைத் தரையில் ஊன்றிக் காலை வீச மனித உடம்புக்குச் சில வழிகள்தான் உண்டு. தேடுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் அங்கே போய் நிற்பார்கள்.

இனி வேருக்கு வருவோம். பிரேசிலுக்கும் தென் கரோலினாவுக்கும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் கொங்கோ, அங்கோலாப் பகுதி மக்கள் பெருமளவில் இருந்தார்கள். வட்டமாக நிற்பது, நடுவில் ஆடுபவரைச் சுற்றி நிற்பவர்கள் கைதட்டியும் குரல் கொடுத்தும் ஏற்றிவிடுவது, ஒருவர் பாட மற்றவர்கள் பதில் பாடுவது, ஆடுபவர் அந்த நொடியிலேயே இட்டுக்கட்டுவது ஆகியவை இரண்டு கரைகளுக்கும் வந்து சேர்ந்தன. பிறகு நடந்ததுதான் சுவையான விஷயம். தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள், முரசு கொட்டி ஆள் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே வந்த சட்டம் அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடுத்தது. வாத்தியம் போனதும் தாளம் உடம்புக்குள் போயிற்று. தொடையிலும் மார்பிலும் தட்டும் ஜூபா, காலால் தாளம் போடும் ஆட்டங்கள், டாப் நடனம் என்று அது நடந்து வந்த வழியின் ஒரு முனையில்தான் ஜேம்ஸ் பிரௌனின் பாதங்கள் இருக்கின்றன. பிரேசிலில் வாத்தியம் முற்றாக அழியவில்லை. ஆகவே கபோயிராவில் பெரிம்பாவ் என்ற வில்வாத்தியம் ஆட்டத்தையே ஆளும் நிலைக்கு வந்தது. ஒரே மரபின் தாளம் அங்கே கம்பியிலும் இங்கே கால்களிலும் தங்கியது என்று சொல்லலாம்.

கலை வரலாற்றாளர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் இன்னும் ஒரு படி மேலே போவார். கொங்கோ நம்பிக்கையில் முன்னோர்களின் உலகம் நம்முடையதற்குத் தலைகீழ். ஆகவே தலைகீழாக நிற்பது அவர்களோடு தொடர்புகொள்வது, இரண்டு ஆட்டங்களிலும் அதன் எச்சம் இருக்கிறது என்பது அவர் வாசிப்பு. அழகான வாசிப்புதான். பிராங்க்ஸ் பையன் ஒருவன் ஃப்ரீஸ், அதாவது அசையாமல் உறைந்து நிற்கும் நிலை, போடும்போது அவன் மனதில் அது இருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடக்குமுறைப் பக்கம். பிரேசிலில் அடிமை முறை 1888 மே 13 அன்று ஒழிந்தது. இரண்டே ஆண்டில், 1890இன் தண்டனைச் சட்டம் தெருவில் கபோயிரா ஆடுவதைக் குற்றமாக்கி இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை விதித்தது. குதிரைப் போலீஸ் வருவதை எச்சரிக்க பெரிம்பாவில் வாசித்த கவலாரியா என்ற தாளம் இன்றும் கற்பிக்கப்படுகிறது. மெஸ்த்ரே (ஆசான்) பிம்பா 1932இல் சால்வடோரில் பள்ளி தொடங்கி, உதைகளையும் தற்காப்பையும் எட்டு வரிசைகளாக ஒழுங்குபடுத்தினார். 1937இல் அவருக்கு அதிகாரபூர்வ அனுமதி கிடைத்தது. மெஸ்த்ரே பாஸ்தீன்யா 1941இல் அங்கோலா வழிக்கான மையத்தை நிறுவினார். "எஜமானர்களை ஏமாற்றச் சண்டையை நடனமாக ஒளித்துவைத்தார்கள்" என்ற கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். அதைப் பாதிதான் நம்ப வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ரியோவில் நகோவா, குவயாமு என்ற இரண்டு பெரும் கபோயிராக் கும்பல்கள் சவரக்கத்தியோடு தெருவில் மோதிக்கொண்டிருந்தன. அது சண்டை என்று தெரியாத போலீஸ்காரர் ஒருவர்கூட அங்கே இருந்திருக்க மாட்டார்.

பிராங்க்ஸின் கதை எதிர்த்திசையில் போகிறது. கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போனது, வேலைகள் போயின, கட்டடங்கள் எரிந்தன, தெருவுக்குத் தெரு கும்பல்கள். 1971 டிசம்பரில் ஹோ அவென்யூவில் கும்பல்கள் கூடிச் சமாதானம் பேசிய பிறகுதான் ஒருவர் தெருவுக்கு மற்றவர் பார்ட்டிக்குப் போவது ஓரளவு சாத்தியமானது. அங்கே நடனத்துக்குள் சண்டை நுழைந்தது. புரூக்லினின் அப்ராக்கிங்கைப் பாருங்கள்: எதிராளி முன் நின்று கத்தி வீசுவதுபோல, வில் வளைப்பதுபோல, அவனைக் கிழித்துப் போடுவதுபோலப் பாட்டின் அடிக்குச் சரியாகக் கை அசையும், ஆனால் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. கபோயிரா சண்டையாக இருந்து ஆட்டத்தை நோக்கி வந்தது. பிரேக்கிங் ஆட்டமாகத் தொடங்கிச் சண்டையின் வடிவத்தை எடுத்துக்கொண்டது.

இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இந்த வேறுபாடு கையில் தட்டுப்படும்.

கபோயிராவின் வட்டம் ஹோடா. அங்கோலா வழியில் வழக்கமாக எட்டு வாத்தியம்: மூன்று பெரிம்பாவ், இரண்டு பாண்டேரு (கஞ்சிரா போன்றது), ஒரு அத்தபாக்கி (உயர்ந்த முரசு), ஒரு அகோகோ (இரட்டை மணி), ஒரு ஹெக்கோ-ஹெக்கோ (சுரண்டி ஒலியெழுப்புவது). பெரிம்பாவ் என்பது வளைத்த மரக்கம்பு, அதில் பழைய டயரிலிருந்து உருவிய எஃகுக் கம்பி, அடியில் கட்டிய காய்ந்த குடுக்கை. குடுக்கையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் ஒலியைக் கூட்டிக் குறைப்பார்கள். கம்பியில் கல்லையோ நாணயத்தையோ அழுத்தினால் ஸ்வரம் ஏறும், லேசாக வைத்தால் கரகரக்கும். மூன்றில் பெரிய குடுக்கையுள்ள, தாழ்ந்த ஒலியுள்ள குங்கா தலைவரின் கையில். ஆடப் போகும் இருவரும் அதன் காலடியில் குந்தியிருப்பார்கள். முதலில் தனிக்குரலில் லடாயின்யா பாடப்படும். அது முடியும் வரை யாரும் அசையக் கூடாது. பிறகு போற்றிப் பாட்டு, அதற்குப் பிறகு எல்லோரும் பதில் பாடும் கொஹீடு தொடங்கினால்தான் ஆட்டம். ஆட்டம் சூடேறிவிட்டால் குங்கா விட்டுவிட்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக் கூப்பிடும், இருவரும் காலடிக்குத் திரும்ப வேண்டும். வேகம், ஆட்டத்தின் தன்மை, எப்போது நிறுத்துவது, எல்லாம் வாத்தியத்தின் கையில்.

ஹிப் ஹாப்பின் வட்டமான சைஃபரில் யாரும் கூப்பிட மாட்டார்கள். உள்ளே இருப்பவர் முடித்து வெளியே வரும்போது கண்ணால் இடம் பார்த்து நுழைய வேண்டும். அவர் முடிக்கும் முன் நுழைந்தால் வம்பு. நின்று ஆடும் டாப்ராக், அழகாகத் தரைக்கு இறங்குவது, கையூன்றிக் காலால் ஆடும் ஃபுட்வர்க், வேண்டுமானால் பவர் மூவ் எனும் சுழல் வித்தை, கடைசியில் ஃப்ரீஸ். ஏறத்தாழ அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். டிஜே உங்களைப் பார்த்து வேகத்தை மாற்றப் போவதில்லை. நீங்கள்தான் இசைத்தட்டைக் கேட்டு, பிரேக்கின் எந்த அடியில் உறைந்து நிற்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

இன்னும் பெரிய வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. ஹோடாவில் இரண்டு உடம்பும் ஒரே சமயத்தில் ஆடுகின்றன. அவர் உதை வீசும் அதே நொடியில் அதன் அடியில் நீங்கள் இருக்க வேண்டும். ஆகவே வீட்டில் ஒத்திகை பார்த்த நீண்ட வரிசை எதுவும் அங்கே செல்லாது. சைஃபரில் பதில் அடுத்த முறைக்கு ஒத்திப்போடப்படுகிறது. எனவே மெருகேற்றிய வரிசைகளைச் சேமித்து வைத்திருக்கலாம். ஆனால் இன்னொருவருடைய தனி அசைவைத் திருடினால் அது பைட்டிங், மானம் போகும். கபோயிராவிலோ உங்கள் ஆசானின் அசைவு உங்களிடம் தெரிவதுதான் பெருமை. புதியவர்கள் இந்த இடத்தில்தான் இரண்டு பக்கமும் சங்கடப்படுவார்கள், யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதும் இல்லை.

உண்மையான சந்திப்பு பிரேசிலிலேயே நடந்தது. 1980களில் சாவ் பாவ்லோவில் நெல்சன் ட்ரியூன்ஃபோ போன்றவர்கள் 24 டி மாயோ தெருவிலும் பிறகு சாவ் பென்டோ மெட்ரோ நிலையத்திலும் ஆட ஆரம்பித்தார்கள், போலீஸ் விரட்ட விரட்ட. கபோயிரா தெரிந்த உடம்புகள் பிரேக்கிங்குக்குள் வந்தது இந்த வழியில்தான். 2010இல் ரெட் புல் பிசி ஒன் என்ற பிரேக்கிங் போட்டியில் பட்டம் வென்ற பிரேசில் ஆட்டக்காரர் நெகின் சிறுவயதில் கபோயிரா பயின்றவர். அவர் ஆட்டத்தில் காலை வீசிக் காற்றில் திரும்பும் விதத்தைப் பார்த்தாலே அது தெரியும். ஆக, ஓட்டம் பிராங்க்ஸிலிருந்து பிரேசிலுக்குப் போய் அங்கே கபோயிராவோடு கலந்தது. கபோயிரா நேரடியாக ஒரு நடனத்தைப் பெற்றெடுத்தது என்று காட்ட வேண்டுமானால், ரெசிஃபே நகரின் ஃப்ரேவோவைக் காட்டலாம். ஊர்வல பாண்டு வாத்தியக் குழுக்களின் முன்னால் கபோயிராக்காரர்கள் போட்ட அடிகளிலிருந்து வந்தது அது.

இரண்டுக்கும் அங்கீகாரம் வந்த விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஹோடா 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பிரேக்கிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒன்பது நடுவர்கள் முன் ஆடப்பட்டது. ஆனால் பிம்பா 1974இல் சொந்த ஊரை விட்டு கோயானியாவில் வறுமையில் இறந்தார். பாஸ்தீன்யா பார்வை இழந்து, ஆடிய இடத்தையும் இழந்து 1981இல் இறந்தார்.

கடைசிப் பகுதி: மாறிப் பயில்பவருக்கு எங்கே இடறும்?

பிரேக்கிங்கிலிருந்து கபோயிராவுக்கு வருபவர்களை முதலில் காட்டிக்கொடுப்பது ஜிங்கா, அதாவது கபோயிராவின் அடிப்படை அசைவு. டாப்ராக் மேலே துள்ளும். ஜிங்கா தாழ்ந்து பக்கவாட்டில் ஊசலாடும். வலது கால் பின்னால் போகும்போது வலது முன்கை முகத்துக்கு முன் வர வேண்டும், பின்னங்கால் முன்பாதத்தில் மட்டும் ஊன்ற வேண்டும், முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும். துள்ளினால் ஒரு கணம் பாதத்தில் எடை இருக்காது. காலை வாரும் ஹஸ்தேரா அந்தக் கணத்துக்காகத்தான் காத்திருக்கிறது. இரண்டாவது, கண். ஆவூ எனும் கரணத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்கத்தில் தரையைப் பார்த்து உடம்பை நேராக நீட்டினால் திறந்த வயிற்றில் தலைமுட்டு விழும். முழங்காலை மடித்து வயிற்றை மூடிக்கொண்டு, கைகளுக்கு இடையிலிருந்து எதிராளியைப் பார்த்தபடியே போக வேண்டும். மூன்றாவது, பவர் மூவ். மூன்று நான்கு மீட்டர் வட்டத்தில் ஒருவர் சுழன்றுகொண்டே இருந்தால் மற்றவருக்கு ஆட்டமே இல்லை. பார்ப்பவர் கைதட்டலாம், குங்கா பிடித்திருப்பவர் உங்களைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்.

கபோயிராவிலிருந்து பிரேக்கிங்குக்குப் போகிறவர்களின் பொதுத் தப்பு, நேராகத் தரைக்கு இறங்கிவிடுவது. டாப்ராக் இல்லாமல் இறங்குபவரைப் பாட்டைக் கேட்காதவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். பெரிம்பாவின் மிதப்புக்குப் பழகிய கால், ஸ்னேர் விழும் இரண்டாம் நான்காம் அடிகளைத் தவறவிட்டு நடுவில் நீந்தும். டாப்ராக்கின் அடிப்படையான க்ராஸ் ஸ்டெப்பை மட்டும், ஒவ்வொரு அடியும் ஸ்னேரில் விழும்வரை செய்வதே மருந்து.

அடுத்து சிக்ஸ்-ஸ்டெப், ஃபுட்வர்க்கின் அடிப்படையான ஆறு அடி. தண்டால் நிலையில் இடுப்பை உயர்த்தித் தொடங்குங்கள். ஒன்று: வலது காலை உடம்பின் அடியில் இடது பக்கம் வீசி, இடது கையைத் தூக்குங்கள். இரண்டு: இடது காலை வலது முழங்காலுக்குப் பின்னால் கொக்கியாக வையுங்கள். மூன்று: வலது காலை விலக்கி, கைகள் பின்னால் இருக்க, குந்திய நிலை. நான்கு: இடது கால் வலது காலின் முன்னால் குறுக்கே. ஐந்து: வலது கால் பின்னால் நீளும். ஆறு: இடது காலும் போய்ப் பழைய நிலை. கபோயிராவில் தரையோடு தாழ்ந்து ஒதுங்கும் நெகச்சீவா பழகியவர் மூன்றாம் அடியில் குதிகாலில் பின்புறத்தை வைத்து உட்கார்ந்துவிடுவார். அங்கேயே சுழற்சி செத்துவிடும். இடுப்பு கடைசிவரை மிதக்க வேண்டும், முன்பாதத்தில் நிற்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு நிலையை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் போக்குவரத்து எளிதாகும். கபோயிராவில் கேடா டி ஹின்ஸ், பிரேக்கிங்கில் பேபி ஃப்ரீஸ். முழங்கையை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே பக்கவாட்டில் குத்தி, அந்தக் கையில் எடையை ஏற்றி, மற்ற கையையும் தலையையும் துணைக்கு வைப்பது. முழங்கை வயிற்றின் நடுவுக்கு வந்தால் வழுக்கும். உள்ளங்கைகள் தோள் அகலத்தைத் தாண்டினால் தலையில் பாரம் இறங்கிக் கழுத்து வலிக்கும். முன்கை தரைக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் மணிக்கட்டு தாங்காது. கபோயிராக்காரர் இதை வழிப்போக்கில் கடந்து போவார், கால்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், கண் எதிராளி மேல். பி-பாய் ஸ்னேரில் வந்து இறங்கி அப்படியே உறைவார். ஒரே நிலையை ஒருநாள் நிற்காமல் கடந்தும், மறுநாள் இரண்டு எண்ணிக்கை அசையாமல் நின்றும் பழகுங்கள். இரண்டுக்கும் முன்னால் மணிக்கட்டை மண்டியிட்ட நிலையில் நான்கு திசையிலும் சாய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வீங்கியிருந்தால் அன்றைக்குக் கையை விட்டுவிட்டு டாப்ராக்கும் ஜிங்காவும் மட்டும்.